பீங்கானும் கூஜாவும்: செஞ்சிச் சீமைக்கு வந்த இரு பாரசீகச் சொற்கள்

பீங்கான் என்பது வெண்களிமண்ணுடன் படிகக்கல் தூள் முதலியவற்றைச் சேர்த்து உருவாக்கி, மெருகுப் பூச்சு இட்டு, ஏறத்தாழ 1,300 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டெடுக்கும் பாண்ட வகையாகும். பொருள் சீன நாட்டுடையது. பெயரோ பாரசீக மொழியுடையது. தமிழ் வீடுகளில் வழங்கிய மற்றொரு பாண்டப் பெயரான கூஜாவும் பாரசீகச் சொல்லே. ஊறுகாய் ஜாடியைப் பீங்கான் என்றும், பயணத்துக்குத் தண்ணீர் கொண்டுசெல்லும் பாத்திரத்தைக் கூஜா என்றும் சொல்லும் எவரும் தாம் பாரசீகம் பேசுவதாக நினைப்பதில்லை.

தமிழில் உள்ள பாரசீகச் சொற்கள் எல்லாம் நவாபுகளோடு வந்தவை என்ற எண்ணம் பரவலாக உண்டு. விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சியில் நிற்பவர்களுக்கு அந்த எண்ணம் இன்னும் எளிதில் தோன்றும். பாரசீகக் கல்வெட்டுடன் பள்ளிவாசல் கண்முன்னே நிற்கிறது. கோட்டையின் வரலாற்றில் பீஜப்பூர், மொகலாயர், ஆற்காட்டு நவாப் என்று வரிசையாகப் பெயர்கள் வருகின்றன. ஆனால் மேற்கண்ட இரு சொற்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறொரு வரலாறு தெரிகிறது. கூஜா கோட்டை வழியாக, அதாவது ஆட்சியாளர்களின் அரண்மனைப் பேச்சு வழியாக வந்தது. பீங்கான் அதற்கு நெடுங்காலம் முன்பே கப்பலில் வந்துவிட்டது.

செஞ்சியில் பாரசீகம்

செஞ்சி நாயக்கர்களின் ஆட்சி 1649இல் முடிந்தது. கோட்டையைக் கைப்பற்றிய பீஜப்பூர் சுல்தானின் படை அதற்குப் பாதுஷாபாத் என்று பெயரிட்டது. பீஜப்பூர் அரசின் அலுவல் மொழிகளுள் பாரசீகம் முதன்மையானது. 1677இல் சிவாஜி செஞ்சியைப் பிடித்தார். மராத்தியர் ஆட்சியிலும் கணக்கிலும் கடிதத்திலும் பாரசீகச் சொற்கள் நிறைந்தே இருந்தன. அவற்றுக்கு ஈடாக வடமொழிச் சொற்களைக் கொண்டுவரவே சிவாஜி 'ராஜவியவகார கோசம்' என்னும் சொற்கோவையைத் தொகுக்கச் செய்தார். ஒரு மன்னர் அகராதி எழுதச் சொல்லும் அளவுக்கு அச்சொற்கள் அன்றாட ஆட்சியில் ஊறியிருந்தன என்பதை இதிலிருந்து அறியலாம்.

சிவாஜியின் மகன் இராஜாராம் செஞ்சியில் தங்கியிருந்தபோது ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் கோட்டையை முற்றுகையிட்டார். 1690இல் தொடங்கிய முற்றுகை 1698இல்தான் முடிந்தது. வென்ற தளபதியின் பட்டப்பெயரான நுஸ்ரத் ஜங் என்பதை ஒட்டிக் கோட்டைக்கு நுஸ்ரத்கட் என்ற பெயர் வந்தது. பிறகு புந்தேல ராஜபுத்திரரான சொரூப் சிங், அவர் மகன் தேஜ் சிங் ஆகியோர் கோட்டையைப் பெற்றனர். தமிழ்நாடு தேசிங்கு ராஜன் என்று கதைப்பாடலில் கொண்டாடுவது இந்தத் தேஜ் சிங்கைத்தான். 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானுடன் நடந்த போரில் தேசிங்கு வீழ்ந்தார். அந்த வெற்றிக்குப்பின் எழுந்ததே கோட்டைக்குள் உள்ள சாதத்துல்லா கான் பள்ளிவாசல். 1750இல் பிரெஞ்சுக்காரரும் 1761இல் ஆங்கிலேயரும் கோட்டையைப் பிடித்தார்கள்.

நூறாண்டுக்கும் மேலாக இப்பகுதியின் வரியும் வழக்கும் பாரசீகச் சாயலில் நடந்தன. அந்தத் தடம் இன்றும் வட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது. தாசில்தார், தாலுகா, ஜில்லா, ஜமாபந்தி, வசூல், பாக்கி, ரசீது, ஜப்தி, ஜாமீன், மராமத்து, அசல், நகல் ஆகியவை பாரசீகமாகவோ, பாரசீகத்தின் வழியாக வந்த அரபியாகவோ இருப்பவை. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பைப் புரட்டினால் 18ஆம் நூற்றாண்டுத் தமிழில் இத்தகைய சொற்கள் எவ்வளவு இயல்பாகக் கலந்திருந்தன என்பது தெரியும்.

இந்தப் பட்டியலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏறக்குறைய எல்லாமே அரசு, வரி, வழக்கு, படை சார்ந்த சொற்கள். அடுக்களைக்குள் நுழைந்தவை சிலவே. அதிகாரத்தோடு வரும் சொல் முதலில் அலுவலகத்தில்தான் உட்காரும். பானைக்கும் சட்டிக்கும் பெயர் வைக்க ஆட்சியாளர் தேவையில்லை. தமிழில் அதற்குச் சொற்பஞ்சமும் இல்லை. பானை, சட்டி, குடம், கலயம், தாழி, மொந்தை, அகல் என்று அளவுக்கும் வாயகலத்துக்கும் பயனுக்கும் ஏற்பத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. செஞ்சிக் கோட்டையிலேயே கல்யாண மகாலின் மேல்தளங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோனவை சுடுமண் குழாய்கள். மண்ணைச் சுட்டுப் பயன்கொள்வதில் கைதேர்ந்த மக்கள் வெளியிலிருந்து ஒரு பாண்டப் பெயரைக் கடன் வாங்கினார்கள் என்றால், அந்தப் பாண்டம் அவர்களிடம் இல்லாததாக இருந்திருக்க வேண்டும்.

பிங்கான் என்ற செம்புக் கிண்ணம்

பாரசீகத்தில் 'பிங்கான்' என்பதற்குக் கிண்ணம், கோப்பை என்று பொருள். அது மண்ணால் ஆனதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஈரானில் இச்சொல்லின் புகழ்பெற்ற பொருள் ஒரு செம்புக் கிண்ணமே. அடியில் சிறு துளையிட்ட கிண்ணத்தை, நீர் நிறைந்த பெரிய பாத்திரத்தில் மிதக்க விடுவார்கள். துளை வழியே நீர் ஏறிக் கிண்ணம் மூழ்கினால் ஓர் அளவு நேரம் முடிந்தது என்று கணக்கு. கனாத் எனப்படும் நிலத்தடிக் கால்வாய்களின் நீரை உழவர்களுக்கு முறைவைத்துப் பங்கிட இந்தக் கிண்ணமே கடிகாரமாக உதவியது.

இதைப் படிக்கும் தமிழ் மாணவருக்கு நாழிகை வட்டில் நினைவுக்கு வர வேண்டும். 24 நிமிடம் கொண்ட நாழிகையை அளக்கத் தமிழகத்தில் பயன்பட்டதும் இதேபோன்ற துளைக் கிண்ணமே. வட்டில் என்பது உண்கலத்தின் பெயராகவும் காலம் அளக்கும் கருவியின் பெயராகவும் தமிழில் வழங்கியது போலவே, அங்கே பிங்கான் வழங்கியது.

பிங்கான் என்ற சொல்லும் பாரசீகத்தில் பிறந்ததன்று என்பது மொழியறிஞர் பலர் கருத்து. கிரேக்க மொழியில் 'பினாக்ஸ்' என்பது பலகை, தட்டு, எழுதும் பலகை, ஓவியப் பலகை ஆகியவற்றைக் குறித்தது. ஓவியக் கூடத்துக்கு ஐரோப்பாவில் வழங்கும் பினகோதெக் என்ற பெயர் இதிலிருந்து வந்தது. அக்கருத்தின்படி ஜெர்மனியின் மியூனிக் நகரத்து ஓவியக் காட்சியகமும் தமிழ்நாட்டு ஊறுகாய் ஜாடியும் தூரத்து உறவினர்கள்.

பாரசீகத்திலிருந்து சொல் இரண்டாகக் கிளைத்தது. அரபியில் பகரமும் வல்லொலிக் ககரமும் இல்லை. எனவே அங்கே பிங்கான் என்பது 'ஃபின்ஜான்' ஆகி, காப்பிக் குடிக்கும் சிறு கிண்ணத்தைக் குறித்தது. அரபியிலிருந்து துருக்கிக்கும், உதுமானியப் பேரரசின் வழியாகப் பால்கன் நாடுகளுக்கும் அது சென்றது. கடைசியில் கிரேக்கத்துக்கே 'ஃப்ளிட்சானி' என்ற வடிவில், கோப்பை என்ற பொருளில் திரும்பி வந்தது. தாய்வீட்டுக்கு வந்த சொல்லைத் தாய்வீட்டார் அடையாளம் காணவில்லை.

மற்றொரு கிளை கிழக்கே கடலில் இறங்கியது. தமிழுக்கு உரியது இந்தக் கிளையே.

கப்பலில் வந்த சொல்

சொல் எந்த வழியில் வந்தது என்பதை அறிய, அது எங்கெல்லாம் இருக்கிறது, எங்கே இல்லை என்று பார்ப்பது நல்ல முறை. தமிழில் பீங்கான். தெலுங்கிலும் கன்னடத்திலும் பிங்காணி. மலையாளத்தில் பிஞ்ஞாணம். சிங்களத்தில் பிங்கான என்றால் தட்டு. மலாய் மொழியில் பிங்கன் என்றால் தட்டு. பிலிப்பைன்ஸ் நாட்டுத் தகலாகு மொழியிலும் தட்டுக்குப் பிங்கன் என்றே பெயர்.

இனி, எங்கே இல்லை? பாரசீகம் மிக நீண்டகாலம் அரசோச்சிய தில்லி, ஆக்ரா வட்டாரத்து மக்கள் பேச்சில் இச்சொல் பீங்கானுக்குப் பெயராக வேரூன்றவில்லை. அங்கே பீங்கானுக்குச் 'சீனி மிட்டி', அதாவது சீன மண் என்று பெயர். மொகலாயப் படையோடு வந்த சொல்லாக இருந்தால் வட இந்தியாவில் அழுத்தமாகவும் தெற்கே மெலிந்தும் காணப்பட வேண்டும். இங்கே நிலைமை தலைகீழ். மேலும் பிலிப்பைன்ஸிலோ இலங்கையிலோ பாரசீகம் பேசிய அரசவை எதுவும் அமைந்ததில்லை. நவாபே இல்லாத தீவுகளில் உள்ள சொல்லை நவாப் கொண்டுவந்திருக்க முடியாது.

தெலுங்கும் கன்னடமும் வழங்கிய நிலம் கோல்கொண்டா, பீஜப்பூர் சுல்தான்களின் ஆட்சியில் இருந்தது. ஆகவே அங்கிருந்து செஞ்சிக்கு வந்திருக்கலாமே என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் தக்காணத்துக்கு ஈரானியர் பெரும்பாலும் வந்து சேர்ந்ததே கடல் வழியாகத்தான். மேற்குக் கரைத் துறைமுகங்களும் கிழக்கே மசூலிப்பட்டினமும் அவர்களின் வாசல்கள். மசூலிப்பட்டினத்தைத் தெலுங்கர் இன்றும் பேச்சில் பந்தர் என்பார்கள்; பந்தர் என்பது துறைமுகத்துக்கான பாரசீகச் சொல். தக்காணத்தை நடுவில் வைத்தாலும் தலைவாசல் கடலாகவே இருக்கிறது.

மலையாள வடிவம் தனியே கவனிக்கத்தக்கது. தமிழில் கஞ்சி என்பது மலையாளத்தில் கஞ்ஞி. மஞ்சள் என்பது மஞ்ஞள். அதே முறையில் பிஞ்ஞாணம் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு 'பிஞ்சான்' இருக்க வேண்டும். அது அரபியின் ஃபின்ஜானுக்கு நெருக்கமானது. அரபு வணிகர் மிகுந்த கேரளக் கரையில் அரபி வடிவமும், தமிழ்க் கரையிலும் இலங்கையிலும் மலாய்த் துறைகளிலும் ககரம் மாறாத பாரசீக வடிவமும் நிலைத்திருப்பது தற்செயலாகத் தோன்றவில்லை. எந்தக் கரையில் யாருடைய பேச்சு காதில் விழுந்ததோ அந்த ஒலியே சொல்லில் தங்கியிருக்கிறது.

பொருள்களின் சான்றும் இதற்குத் துணை நிற்கிறது. இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே 1998இல் கண்டெடுக்கப்பட்ட 9ஆம் நூற்றாண்டுக் கப்பலில் ஏறத்தாழ 60,000 சீனப் பாண்டங்கள் இருந்தன. அந்தக் கப்பலோ பலகைகளை ஆணியின்றிக் கயிற்றால் தைத்துக் கட்டும் மேற்காசிய முறையில் அமைந்தது. சீனச் சரக்கை மேற்காசியக் கப்பல் ஏற்றிச் சென்ற கடல் வழியில் தமிழகத் துறைகளும் இருந்தன. அரிக்கமேட்டிலும் கங்கைகொண்டசோழபுரத்திலும் சீனப் பாண்ட ஓடுகள் கிடைத்துள்ளன. இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்வில் 13, 14ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சீன ஓடுகள் மிகுதியாக வெளிவந்தன. மறுமுனையில், சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உள்ளது. அங்கே தமிழ் வணிகர் சிவன் கோயில் கட்டி வழிபடும் அளவுக்குத் தங்கி வாழ்ந்தார்கள்.

எல்லாவற்றையும் ஒரே கல்லில் காட்டும் சான்று இலங்கையின் காலியில் 1911இல் கிடைத்தது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொண்டுவந்து நிறுவிய, 1409ஆம் ஆண்டு நாளிட்ட அந்தக் கல்வெட்டு இன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் மூன்று மொழிகள் பொறிக்கப்பட்டுள்ளன: சீனம், தமிழ், பாரசீகம். சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்னும் திருமாலையும், பாரசீகப் பகுதி இறைவன் அல்லாவையும் போற்றுகின்றன. காணிக்கைப் பட்டியல் ஏறத்தாழ ஒன்றே, தெய்வங்களே வேறு. அன்றைய இந்தியப் பெருங்கடலில் வணிகம் நடக்க எந்த மொழிகள் வேண்டும் என்பதை அந்தக் கல் தெளிவாகச் சொல்கிறது. பீங்கானின் கதையும் அதே மூவரின் கதைதான். செய்தவர் சீனர், பெயர் பாரசீகம், அதைத் தம் நாவில் ஏற்றுக்கொண்டவர்களுள் தமிழர் முன்வரிசையில் இருந்தனர். பீஜப்பூர்ப் படை செஞ்சிக்குள் நுழைந்தது இந்தக் கல்லுக்கு 240 ஆண்டுகள் பின்னால்.

இதில் இன்னொரு கொடுக்கல் வாங்கலும் உண்டு. வெள்ளைப் பீங்கான்மேல் நீல ஓவியம் தீட்டும் சீனக் கலைக்கு வேண்டிய கோபால்ட்டு என்னும் கனிமம் தொடக்கத்தில் பாரசீகத்திலிருந்தே சீனத்துக்குப் போனது. பெயர் மட்டுமன்று, நீலமும் பாரசீகம் தந்ததே.

செஞ்சி கடலுக்கு அந்நியமான ஊர் அன்று. நாயக்கர் காலத்தில் அவர்கள் ஆட்சி கடற்கரை வரை பரவியிருந்தது. பரங்கிப்பேட்டையும் தேவனாம்பட்டினமும் செஞ்சி நாயக்கரின் ஆளுகையில் இருந்த துறைகள். போர்த்துகீசியரும் டச்சுக்காரரும் அவர்களிடமே இசைவு பெற்று வணிகம் செய்தார்கள். பரங்கிப்பேட்டைக்கு மஹ்மூத் பந்தர் என்று ஒரு பெயரும் உண்டு. டச்சுக் கம்பெனி 17ஆம் நூற்றாண்டில் சீனப் பீங்கானைப் பெருமளவில் ஏற்றிச் சென்ற நிறுவனம். எனவே செஞ்சிச் சீமையில் பீங்கான் என்ற சொல் கேட்கப் பீஜப்பூர்க் குதிரைகளுக்காகக் காத்திருக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. தமிழில் கலம் என்பதற்கு உண்ணும் பாத்திரம் என்றும் கப்பல் என்றும் இரு பொருள் உண்டு. பீங்கான் கலம் கலமேறி வந்தது என்று சொன்னால் அது வெறும் சிலேடையாக நின்றுவிடாது.

கோட்டை வழி வந்த கூஜா

பாரசீகத்தில் குறுகிய கழுத்துள்ள மண் குடுவைக்குக் 'கூஸா' என்று பெயர். நடுவில் உள்ள எழுத்து தமிழ் ஸகரம் அன்று. வண்டு ரீங்கரிப்பது போன்ற அதிர்வுள்ள ஒலி. குயவருக்குக் 'கூஸாகர்' என்று பெயர். உமர் கய்யாமின் பாடல்களில் குயவன் கடைப் பானைகள் தமக்குள் பேசிக்கொள்ளும் பகுதி புகழ்பெற்றது. அப்பாடல்களைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் தமிழாக்கத்தில் படித்தவர்கள், அங்கே பேசும் பானைகளின் பாரசீகப் பெயர் கூஜாதான் என்பதை அறிந்துகொள்ளலாம்.

இச்சொல் தரைவழி வந்தது என்பதற்கு அந்த ரீங்கார ஒலியே சாட்சி. வட இந்தியப் பேச்சில் அது பெரும்பாலும் ஜகரமாக மாறும். தமிழுக்கு வந்த அரசியல் சொற்களிலும் அதே மாற்றம் காணப்படுகிறது. ஜமீன், ஜில்லா, ஜப்தி, பஜார் ஆகிய எல்லாவற்றிலும் பாரசீகத்தின் அந்த ஒலி இருந்த இடத்தில் தமிழில் ஜகரம் நிற்கிறது. கூஜாவும் இதே வரிசையில் வந்து நிற்கிறது. அகராதிகளும் இதை உருது வழி வந்த சொல்லாகவே காட்டுகின்றன. ஜமீனும் ஜப்தியும் வந்த பல்லக்கிலேயே கூஜாவும் ஏறி வந்தது எனலாம்.

பல்லக்கு என்று சொல்வதில் பொருள் உண்டு. மொகலாய அரண்மனையில் தண்ணீருக்கென்றே ஆப்தார்கானா என்ற தனித் துறை இருந்தது. வெடியுப்பைக் கொண்டு நீரைக் குளிரவைக்கும் முறையை அபுல் பசல் தம் அயினி அக்பரியில் விவரித்திருக்கிறார். பெரிய மனிதர் எங்கே போனாலும் அவருக்கான குடிநீர் பின்னாலேயே போக வேண்டும். அதைத் தூக்கிச் செல்ல ஓர் ஆள் வேண்டும். நவாபுக்கும் பாளையக்காரருக்கும் ஜமீன்தாருக்கும் பின்னர்க் கம்பெனி அதிகாரிக்கும் இந்த ஏற்பாடு தொடர்ந்தது. தமிழில் 'கூஜா தூக்குதல்' என்றால் அதிகாரத்தில் உள்ளவரை அண்டிக் குழைந்து நடத்தல் என்று பொருள்படுவதற்கு இதுவே அடிப்படை. பீங்கானை வைத்து இப்படியொரு வசைச்சொல் உருவாகவில்லை. வணிகர் கொண்டுவந்த சொல்லுக்கும் அதிகாரம் கொண்டுவந்த சொல்லுக்கும் உள்ள வேறுபாடு இந்த மரபுத்தொடரில் பதிந்திருக்கிறது.

மண் உலோகமாயிற்று, உலோகம் மண்ணாயிற்று

இரு சொற்களும் தமிழுக்கு வந்தபின் ஒன்றுக்கொன்று இடம் மாறிக்கொண்டன. பாரசீகத்தில் பிங்கான் செம்புக் கிண்ணமாகவும் இருந்தது. தமிழில் அது மண்ணைச் சுட்டுச் செய்த பாண்டத்தை மட்டுமே குறிக்கிறது. பாரசீகத்தில் கூஜா மண் குடுவை. தமிழில் அது பெரும்பாலும் பித்தளையாகவும் வெள்ளியாகவும் பின்னர் எவர்சில்வராகவும் ஆகிவிட்டது. அண்டை மொழிகளில் இந்த மாற்றம் இவ்வளவு தூரம் நிகழவில்லை. தெலுங்கில் கூஜா என்றால் இன்றும் நீண்ட கழுத்துள்ள மண் குடுவையே முதலில் நினைவுக்கு வரும். மலையாளத்துக் கூஜையும் மண்ணால் ஆனதே.

பீங்கான் மாறியதற்குக் காரணம் எளிது. கடலோரத்தில் அந்தச் சொல்லோடு இறங்கிய சரக்கு சீனப் பாண்டமாக இருந்தது. கிண்ணம் என்று கப்பல்காரர் சொன்னதைக் கேட்டவர்கள், கிண்ணம் செய்யப்பட்ட பொருளுக்கே அது பெயர் என்று எடுத்துக்கொண்டார்கள். வட்டில், கிண்ணம் என்பவற்றுக்குத் தமிழில் பெயர் இருந்தது. வெண்ணிறத்தில், பளபளப்பாக, தட்டினால் மணிபோல் ஒலிக்கும் அந்தச் சுடுபொருளுக்கு இல்லை. மலாயிலும் சிங்களத்திலும் சொல் வடிவத்தின்மேல், அதாவது தட்டின்மேல் தங்கியது. இலங்கைத் தமிழிலும் தட்டைப் பீங்கான் என்பது உண்டு. தமிழகத்தில் அது பொருளின்மேல் ஏறியது. ஐரோப்பியருக்கும் இதே சிக்கல் வந்தது. அவர்கள் அதன் பளபளப்பைக் கண்டு, சோழிக்கு இத்தாலிய மொழியில் வழங்கிய 'போர்செல்லானா' என்ற பெயரை வைத்தார்கள்.

கூஜா மாறியதற்குச் சமூகக் காரணம் உண்டு. மெருகில்லாத மண்பாண்டம் நீரை உறிஞ்சும். நீர் மேற்பரப்பில் கசிந்து ஆவியாவதால்தான் பானைத் தண்ணீர் குளிர்கிறது. ஆனால் அதே காரணத்தால் மண் கலம் எச்சிலையும் தீட்டையும் ஏற்கும் என்று ஆசாரம் பார்க்கும் வீடுகளில் கருதினார்கள். புளியிட்டுத் தேய்த்தால் சுத்தமாகிவிடும் என்ற நம்பிக்கை உலோகத்துக்கே இருந்தது. வெளியூரில் யார் வீட்டுத் தண்ணீரையும் குடிக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு உடையவர்களுக்கு, வீட்டுத் தண்ணீரைச் சிந்தாமல் கொண்டுபோக உடையாத பாத்திரம் தேவைப்பட்டது. 1856இல் ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுப் பக்கம் வாலாஜா சாலை வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. பல சாதியார் ஒரே பெட்டியில் அமர வேண்டி வந்த அந்தக் காலத்தில் திருகு மூடியும் கைப்பிடியும் கொண்ட பித்தளைக் கூஜா பயணத்தின் அடையாளமானது. அதன் வசதியைப் புகழ்வோர் அதற்குள் இருந்த விலக்கையும் மறக்கக் கூடாது. பிறர் கைத்தண்ணீரைத் தவிர்ப்பதற்காகவும் அந்தத் திருகு மூடி பயன்பட்டது.

பித்தளைக் கூஜாவின் உட்புறம் களிம்பேறாமல் இருக்க ஈயம் பூசுவார்கள். அதற்குக் கலாய் பூசுதல் என்றும் பெயர். கலாய் என்பது வெள்ளீயத்துக்கான அரபிச் சொல்லிலிருந்து வந்தது. அந்த அரபிச் சொல், மலாய்க் கரையில் இருந்த கலா என்னும் துறையின் பெயரால் அமைந்தது என்றும், அத்துறை சோழர் கல்வெட்டுகளின் கடாரமே என்றும் கருதுவோர் உண்டு. அது சரியானால், கோட்டை வழி வந்த கூஜாவின் உட்பூச்சு கடல் வழி வந்தது.

பீங்கானுக்கும் ஆசார வீடுகளில் முழு வரவேற்பு இல்லை. அதையும் மண்ணாகவே கருதிச் சோற்றுக்கு வைக்காமல், உப்பும் புளிப்பும் உலோகத்தை அரிக்கும் இடமான ஊறுகாய்க்கு மட்டும் வைத்துக்கொண்டவர்கள் பலர். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களின் முஸ்லிம் குடும்பங்களில் அந்தத் தயக்கம் இல்லை. விருந்தில் சிலர் சேர்ந்து ஒரே பெரிய தட்டில் உண்ணும் சகன் சாப்பாடு அங்கே வழக்கம். சகன் என்பதும் தட்டைக் குறிக்கும் அரபிச் சொல்லே.

இன்றைய நிலை

கூஜா ஞெகிழிப் புட்டியிடம் தோற்றுவிட்டது. பரணிலும் பழம்பொருள் கடையிலும் கிடக்கும் பாத்திரத்தைவிட, அரசியல் மேடைகளில் எதிரியைத் திட்டும்போது வரும் 'கூஜா தூக்கி'யையே இளைய தலைமுறை அறியும். பீங்கானுக்கு அப்படி நேரவில்லை. செஞ்சியும் விருத்தாசலமும் முன்பு ஒரே தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தவை. விருத்தாசலத்தில் கிடைக்கும் களிமண்ணை ஒட்டி அரசு பீங்கான் தொழிற்பேட்டையும் பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் நிறுவனமும் அங்கே அமைந்தன. ஒருகாலத்தில் கப்பலில் வந்திறங்கிய பொருள் அதே வட்டாரத்துச் சூளைகளிலேயே வெந்தது. கழிப்பறைத் தொட்டி, அகல் விளக்கு, பொம்மை, மின்சாரப் பியூஸ் கட்டை எனப் பலவும் இன்று பீங்கானில் வருகின்றன. மின்கம்பத்தின் உச்சியில் கம்பியைத் தாங்கி நிற்கும் வெள்ளைக் குமிழுக்கும் ஊரார் வழங்கும் பெயர் பீங்கான்தான்.